பழைய பெட்டி இருக்கட்டும்

அந்தப் பாட்டுப் பெட்டியக் கழட்ட வேணாம் தம்பி. ஸ்பீக்கர மாத்துங்க, ஒயர மாத்துங்க, அந்தப் பெரிய பேஸ் பாக்ஸ எங்க வேணா வைங்க. பெட்டி மட்டும் இருந்த எடத்துலயே இருக்கட்டும். தெரியும், எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரர் மெனினோ உங்கள மாபுசாவுலேர்ந்து வரவழைச்சார். ஆனா வெளிய படகு மேல எழுதியிருக்கே, பெர்பெத்துவான்னு, அது யாரு? நான்தான். அப்ப நான் சொல்றதயும் கொஞ்சம் கேளுங்க.

புதுப் பெட்டி சீட்டுக்கு அடியில கெடக்கட்டும். திங்கக்கிழமை வந்து மாட்டிக் குடுங்க, நான் வேணாங்கல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பழசுதான்.

இன்னொண்ணு. ஓட்டிப் பாக்கறதுக்கு உங்க போன அதோட சேத்துடாதீங்க. இந்தாங்க பென்டிரைவ், இதுல பாட்டு இருக்கு. ஏன்னா கேக்கறீங்க? சொல்றேன், சொல்லாம எங்க போகப் போறேன். மொதல்ல இத சாப்பிடுங்க. எறால் வச்ச ரிஸோல், காலைலதான் பொரிச்சேன்.

ஆமா, சுத்தமாப் பிஞ்சிருச்சு. வீட்டுல மாட்டற ஸ்பீக்கரக் கொண்டாந்து படகுல வச்சா உப்புக்காத்து விடுமா? ஆறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன், கரகரன்னு கேக்குது, மாத்துங்கன்னு. காதுலயே போட்டுக்கல. போன மாசம் திடீர்னு சொல்றார், பெர்பெத், நம்ம வெள்ளி விழாவுக்குப் படகுல புது சவுண்டு சிஸ்டம் போடறேன், உனக்குத்தான் பாட்டுன்னா உசுராச்சே. நான் அழுதுட்டேன் தம்பி. பதினெட்டு வருஷம் டூரிஸ்ட் கப்பல்ல வேல பாத்தவர். வருஷத்துல ஒம்போது மாசம் கடல்ல. பிரசவத்துக்குக் கூடப் பக்கத்துல இல்ல. இப்பயாவது நெனச்சாரேன்னு அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஒரு நாள் கூட நான் அவரச் சந்தேகப்பட்டதில்ல. எத்தன ஊரு, எத்தன துறைமுகம். பக்கத்து வீட்டுக்காரிங்க வாயில வந்ததெல்லாம் பேசுவாளுங்க. போங்கடி, எம்புருஷன எனக்குத் தெரியும்னுடுவேன். தெரிஞ்சு கிழிச்சேன்.

ஞாயித்துக்கிழம எப்படின்னா, காலைல பூசை, திரும்ப ஒரு தடவ கல்யாண வாக்குக் குடுக்கணும். அப்புறம் எல்லாரும் பெத்திம் படகுத்துறைக்கு வந்து இதுல ஏறி, ஆத்துல ஒரு சுத்து, கேக் வெட்டி, கிளாசத் தூக்கி வாழ்த்தி டோஸ்ட். இருவது பேரு. ஃபாதர் வரார், மாமியார் வராங்க, புனாவுலேர்ந்து எம்பொண்ணு ஜாசிந்தா வரா. உங்க பக்கம் எப்படியோ, எங்க கிறிஸ்தவங்கள்ல வெள்ளி விழான்னா கல்யாணத்தன்னிக்கு மணப்பெண் தோழியா நின்னவளே மறுபடி பக்கத்துல நிக்கணும். எனக்கு ஒடெட்.

ஒடெட் எனக்கு அக்கா மாதிரி. ஒண்ணாப்புலேர்ந்து ஒரே பெஞ்சு. கல்யாணத்தன்னிக்கு எனக்குத் தல பின்னி விட்டது அவதான். ஜாசிந்தா பொறந்தப்ப இவர் எங்கயோ கடல்ல, ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவ. ஒரே ஒரு குறை, தண்ணின்னா நடுங்குவா. தீவார் தீவுக்குப் போற ஃபெர்ரில கூட கார விட்டு எறங்க மாட்டா, கண்ண இறுக்க மூடிக்குவா. இந்தப் படகு வாங்கி ஆறு வருஷமாச்சு, ஒரு தடவ கால் வச்சதில்ல. எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன். இப்ப விழாங்கறதால, உனக்காக ஒரே ஒரு தடவ ஏறறேன் பெர்பெத், செபமாலையக் கையில வச்சுக்கறேன்னா. அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

அதுல இன்னொண்ணு எடுங்க, ஆறிடும்.

இவர் புதன்கிழமயானா படகெடுத்துக்கிட்டு மீன் பிடிக்கப் போவார், தனியா. சாயங்காலம் நல்ல கொடுவா மீனாக் கொண்டாருவார். ஒரு நாள் கழுவறேன், செவுளுக்குள்ள ஐஸ்கட்டி. என்னங்க, கொடுவா ஐஸ் பொட்டிக்குள்ளயா நீந்திக்கிட்டிருந்துச்சுன்னு சாப்பாட்டு மேசைல கிண்டல் பண்ணேன். அவரும் சிரிச்சார். ஒண்ணும் மாட்டல, வெறுங்கையோட வர வெக்கம், சந்தையில வாங்கிட்டார்னு நெனச்சேன். குழம்பு வச்சு அந்த ஒடெட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பினேன். என்ன மாதிரி ஒரு முட்டாள நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

ஒரு மாசமா படகுச் சாவியும் என் கைக்கு வரல. போன வெள்ளிக்கிழம கேக் சொல்லிட்டு வர மட்காவ் போனார், சட்ட மாத்தினதுல சாவிய மறந்துட்டார். சரி, மெத்தைக்கெல்லாம் உற தைக்க அளவெடுக்கலாம்னு வந்தேன். சும்மா கொஞ்சம் பாட்டுக் கேப்போமேன்னு அந்தப் பெட்டியத் தட்டினேன்.

இந்தப் பெட்டிதான் பேசுமே, உங்களுக்குத் தெரியாததா. தட்டினா, கடைசியா எந்தப் போன்லேர்ந்து பாடிச்சோ அந்தப் பேரச் சொல்லித் தேடும். போன் கிட்ட வந்துட்டா, இன்னார் போன் சேந்தாச்சுன்னு மறுபடி சத்தமாச் சொல்லும். பொம்பளக் குரல்ல.

நெசத்தச் சொல்லுங்க. புதுசு மாட்டினா பழைய போன் பேரெல்லாம் போயிடுமான்னு இவர் உங்ககிட்ட கேட்டாரா? கேட்டாரா. மொதல்ல கேட்டதே அதானா. சரி.

எனக்குன்னு போடற சிஸ்டம். வெள்ளி விழாப் பரிசு. அந்தப் பேர அழிக்க ரெண்டு பட்டன அமுக்கினாப் போதுமா? அது அவருக்கு எங்க தெரியும், டிவி ரிமோட்டே நான்தான் அமுக்கிக் குடுக்கணும்.

நீங்க ஏன் மொகத்தத் தொங்கப் போடறீங்க, உங்க மேல என்ன தப்பு. கத்தி ஊரக் கூட்டலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். கத்தினா என்ன சொல்வாங்க, பெர்பெத்துக்கு வயசாகுது, புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்வாங்க. நான் வாயத் தொறக்கப் போறதில்ல. ஜாசிந்தாதான் பாவம். அவளுக்கும் தெரியட்டும். நான் மட்டும் எத்தன நாளைக்குச் சுமக்கறது.

எல்லாரும் ஏறி உக்காந்தப்புறம் நான் போய்ப் பெட்டியத் தட்டுவேன், பாட்டுப் போட. அவ பயந்துக்கிட்டுக் கடைசியாத்தான் ஏறுவா, நான்தான் கையப் பிடிச்சு ஏத்தணும். போன் அவ கைப்பையில இருக்கும். போன வெள்ளிக்கிழம நான் தட்டினப்ப இந்தப் பெட்டி பேர் சொல்லித் தேடினது ஒடெட் போனத்தான் தம்பி.

அந்தக் குரல் உங்க புது ஸ்பீக்கர் எல்லாத்துலயும் வரும்ல? அப்ப ஒண்ண இந்த ஓரமா வைங்க. மாமியார் இங்கதான் உக்காருவாங்க, அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்.