சத்யப்பிரியா என்றொரு கல்

கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும், டாக்டர். கீழ் இமையை லேசாக இழுத்துப் பிடித்தால் சின்னப் பை மாதிரி ஆகும். அதில் ஒரே ஒரு சொட்டு. பிறகு மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு ஒரு நிமிடம் இருக்க வேண்டும். என் மனைவி சத்யா பயந்தவள். பாட்டில் கிட்டே வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதனால் முதல் நாளிலிருந்தே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று நான்தான் விட்டு வருகிறேன். மூன்று வருடத்தில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

மாதம் ஒரு பாட்டில் தீர்ந்திருக்கிறது, கண்ணின் பிரஷர் மட்டும் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று போன வாரம் கேட்டீர்கள். இன்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டது நல்லதாயிற்று. இருபத்தாறு வருடம் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவன் நான். விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழிமுறையோடு எழுது என்பேன் பிள்ளைகளிடம். அதையேதான் இப்போது நானும் செய்யப்போகிறேன். ஒரு கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள் பட்டை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லட்சக்கணக்கான கற்கள் அங்கே சூரியனைச் சுற்றுகின்றன. வியாழன் பக்கத்து வெளி ஓரத்தில் இருப்பவை பெரும்பாலும் கரி போலக் கறுத்தவை. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாறைக்கல்லும் உண்டு. நான் சொல்வது அந்த ரகம். அகலம் மூன்று கிலோமீட்டர் இருக்கும், எங்கள் வீட்டிலிருந்து சத்யா வேலை பார்த்த கம்பெனிக்கு நடக்கிற தூரம். ஒருமுறை சுற்றி வர அதற்கு ஐந்தரை வருடம் ஆகிறது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடங்களுக்காக ஒரு முகாம் நடத்தினார்கள். எங்கோ வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும். நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும், சிறுகோள் மட்டும் ஒரு மயிரிழை நகரும். நானும் ஏழு பிள்ளைகளும் மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி கொண்டுவந்த சத்யா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளி நவுருதுங்களே."

"எந்தப் புள்ளி?"

அவள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்தாள். அதிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, என் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டினாள்.

அந்த அம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்யா பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தவள். கீழே வெளிச்சம் எரிகிற கண்ணாடி மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஊசிமுனை ஓட்டை, கண்ணி விட்ட இடம், எண்ணெய்க் கறை எதுவானாலும் ஓடுகிற ஓட்டத்திலேயே பிடிக்க வேண்டும். பழுது கண்ட இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். அம்பில் செக்கரின் நம்பர் இருக்கும். சத்யாவின் நம்பர் பதினேழு. செக்கிங்கில் யாரும் சத்தம் போடுவதில்லை, யார் பிழை என்று கேட்பதுமில்லை. அம்பை ஒட்டிவிட்டு அடுத்த மீட்டருக்குப் போய்விடுவார்கள். பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொள்வான்.

நான் அந்தப் புள்ளியை அளந்து அனுப்பினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். முகாமில் பதிவு செய்திருந்தது நான்தானே. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்ற நம்பரையாச்சும் போட்டீங்களா?"

"அதெல்லாம் போட்டாச்சு" என்றேன்.

புதிய கல்தான் என்று உறுதியானதும் பள்ளியில் விழா எடுத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வாசலில் பிளெக்ஸ் கட்டினார்கள். சத்யா முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிக நேரம் கை தட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்கு அன்றே கொஞ்சம் உறுத்தியது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் முகாம் வந்தது, ஒவ்வொரு வருடமும் அவள்தான் பார்த்துச் சொன்னாள். எனக்குக் 'கல்லு வாத்தியார்' என்று பெயர் வந்தது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன், டாக்டர். அப்பா, சித்தப்பா எல்லோரும் தறிச் சத்தத்திலேயே செத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவனை ஊர் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு கம்பெனியில் நடந்த கண் முகாமில் அவளுக்குக் கிளாக்கோமா என்றார்கள். உங்களிடம் கூட்டிவந்தேன். ஆயுசுக்கும் சொட்டு விட்டால் பார்வைக்குப் பயமில்லை என்றீர்கள். முதல் ஒரு வருடம் நீங்கள் கொடுத்த மருந்தைத்தான் விட்டேன். பிரஷர் இறங்கியது உங்கள் சீட்டிலேயே இருக்கும்.

அந்த வருடக் கடைசியில் கல்லுக்கு நிரந்தர எண் கிடைத்தது. பாதை உறுதியாக அவ்வளவு காலம் ஆகிறது. எண் கிடைத்தால் கண்டுபிடித்தவர் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். செய்தி பரவி, கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் முன்னால் புதுப் படங்களை ஓடவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று நேரிலேயே காட்ட வேண்டும் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு சத்யா சொன்னாள்.

"நானும் கூட வர்றனுங்க. பக்கத்துல உக்காந்து மெதுவாக் கை காட்டறேன். நீங்க பேசுங்க. யாருக்கும் தெரியாதுங்க."

அவள் மிரட்டவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். அது இரக்கம் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. யாருக்கும் தெரியாது என்ற சொல்லில், தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

அந்த வாரம் பாட்டிலில் இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, கண் வறட்சிக்குக் கடையில் விற்கிற சாதாரணச் சொட்டை அதில் நிரப்பினேன். கெடுதலான எதையும் அவள் கண்ணில் நான் விடவில்லை, டாக்டர். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். குளிர்ச்சியாக இருக்கும் என்று உறையிலேயே போட்டிருந்தது.

கண் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மயிரிழை நகர்கிற ஒரு புள்ளி தெரியாமல் போனால் எனக்குப் போதும். மற்றபடி அவள் சமைக்கட்டும், டிவி பார்க்கட்டும், கோயிலுக்குப் போகட்டும். இவ்வளவுதான் என் கணக்கு. எங்கே நிறுத்துவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நான்கைந்து நாளில் அவள் ஒன்று கேட்டாள். "ஏனுங்க, முன்னெல்லாம் மருந்து உட்டாத் தொண்டையில கசப்பு எறங்கும். இப்பக் கசக்கறதே இல்லீங்களே?"

"கம்பெனி மாத்திட்டாங்க" என்றேன்.

"அப்படீங்களா" என்றாள். அதன்பின் கேட்கவே இல்லை.

கல்லூரிக்குத் தனியாகத்தான் போனேன். கரண்ட் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடவில்லை. வெறுமனே பேசிவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு வந்தேன். யாரும் என்னை எதையும் கண்டுபிடித்துக் காட்டச் சொல்லவில்லை. வரும் வழியில் சோமனூர் தாண்டும்போது பஸ்ஸில் நினைத்தேன், இன்றோடு மருந்தை மாற்றிவிடலாம் என்று. வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மாலைச் சொட்டுக்காக. இடைவெளி விட்டு நல்ல மருந்தை ஆரம்பித்தால் பிரஷரில் வித்தியாசம் தெரியும், நீங்கள் கேட்பீர்கள். அதே பாட்டிலை எடுத்தேன்.

அதற்கப்புறம் செக்கப்புக்குக் கூட்டிவருவதையும் தள்ளிப்போட்டேன். டாக்டர் லீவ் என்பேன், ஸ்கூலில் பரீட்சை என்பேன். அந்த நோய் ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டாள். பிறகு தட்டுக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். பத்து மாதத்தில் அவள் பார்த்து அனுப்பிய துணி திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் வரிசையாக ஏழு ஓட்டை, எல்லாவற்றையும் பதினேழாம் நம்பர் பார்க்காமல் விட்டிருந்தாள். பதினெட்டு வருடத்தில் அது முதல் தடவை. சூப்பர்வைசர் அருண்பாண்டி விருதுநகர்ப் பக்கத்துப் பையன். "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா, வெசனப்படாதீங்க" என்று சொல்லி அவனே அவளை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அவள் என் மடியில் படுத்து அழுதாள். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேளை போகாது, டாக்டர். அழுது முடித்ததும் எழுந்து உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினாள். நேரமாகிவிட்டது என்றாள். நான் சொட்டு விட்டேன்.

வேலையை விட்டு நின்ற பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். கேட்டுப் பாருங்கள், எங்கள் தெரு முழுக்கச் சொல்லும். தலை பின்னிவிடுவேன், மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன், பேப்பர் படித்துக் காட்டுவேன். எதிர்வீட்டு நல்லம்மாள், "இப்படி ஒரு மனுசன் அமையக் குடுத்து வெச்சிருக்கோணும் கண்ணு" என்று சத்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சத்யா சிரிப்பாள்.

இப்போது கல்லின் பெயருக்கு வருகிறேன். கண்டுபிடித்தவர் தன் பெயரையே கல்லுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே வழக்கம். யோசித்துப் பாருங்கள், அன்று அவள் பெயரைப் போட்டிருந்தால் இந்தக் கல்லுக்குச் சத்யப்பிரியா என்று பெயர் வைத்திருக்கவே முடியாது. நான் என் பெயரைப் போட்டதால்தான் அது முடிந்தது. ஒருவகையில் அவளுக்காகத்தான் அதை நான் இத்தனை வருடம் வைத்திருந்தேன் என்றுகூடத் தோன்றுகிறது. போன மாதம் பெயர் வெளியாகிவிட்டது. மனிதர்களெல்லாம் போன பிறகும் அந்தப் பாறை அவள் பெயரோடு சுற்றிக்கொண்டிருக்கும். எத்தனை புருஷன்மார் இப்படிச் செய்வார்கள்?

பெயருக்கு ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். 'சத்யப்பிரியா, கண்டுபிடித்தவரின் மனைவி' என்று எழுதியிருந்தேன். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"பதினேழுன்னு எங்கியாச்சும் போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குது சத்யா."

"சரிங்க" என்றாள்.

போன வாரம் அவள் தம்பி வேல்குமார் சோமனூரிலிருந்து வந்து, அக்காள் வாசல்படியில் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டு இங்கே கூட்டிவந்தான். போன பார்வை இனித் திரும்பாது, நடுவில் காசு அகலத்துக்கு மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்றப் பார்க்கலாம் என்றீர்கள். மருந்து ஒழுங்காக விட்டாரா என்று அவளிடமும் கேட்டீர்கள். "ஒரு வேள தவறாம உட்டாருங்க" என்று அவள் சொன்னதை நீங்களே கேட்டீர்கள். என்னை அவ்வளவு நம்புகிறாள். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், போலீசுக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்கமாட்டாள்.

பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள், இந்தாருங்கள். பக்கத்தில் ஒட்டியிருப்பது மருந்துக் கடை ஸ்டிக்கர் இல்லை, அது சத்யாவின் வேலை. ஒரு வருடமாக ஒவ்வொரு புதுப் பாட்டில் வரும்போதும், நான் மருந்தைக் கொட்டி மாற்றி எடுத்துவைத்த பிறகு அவள் கேட்டு வாங்கி, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, பதினேழு என்று எழுதித் திருப்பிக் கொடுப்பாள். பார்வை மங்கியவள், தடவிப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள ஒட்டுகிறாள், பாவம்.