ஒரு நாளைக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவை

பீட்டர்: எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா யாமினி. சத்தியமா.

யாமினி: எது ஞாபகம் இல்ல?

பீட்டர்: அந்த ஃபோல்டரைக் கடைசியா எப்போ தொறந்தேன்னு. போன வாரமா இருக்கும்... இல்ல, தீபாவளிக்கு முன்னாடி...

யாமினி: இன்னைக்கு. காலையில பத்து அம்பதுக்கு.

பீட்டர்: யாரு தொறந்தா?

யாமினி: நீங்கதான். உங்க லாகின். இதோ லிஸ்ட்டு. ‘கோவிந்தப்பா வீட்டுக் கல்யாணம்.’ ஒரு நாளைக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவை தொறந்திருக்கு.

பீட்டர்: நூத்தி நாப்பத்தி நாலா? நம்ம ஸ்டூடியோ இருக்குற தொம்மலூர்ல தடை உத்தரவு போட்டுட்டாங்களா என்ன?

யாமினி: சிரிக்கிற நேரமாண்ணா இது? மல்லேஸ்வரம் பார்ட்டி காலையில வந்து உக்காந்து அவங்க கல்யாண வீடியோவைப் பாக்குறாங்க, முகூர்த்தத்துல மட்டும் ஏழு தடவை நின்னுச்சு. மாப்பிள்ளை கையில தாலி. கழுத்துக்குப் போகவே மாட்டேங்குது.

பீட்டர்: பொண்ணோட மாமா பக்கத்துலதான் நான் நின்னேன். “இன்னும் யோசிக்கிறாரோ மாப்பிள்ளை”ன்னு கேட்டாரு.

யாமினி: கேப்பாரு. முதலாளி முன்னாடி கேட்டாரே, அதான் பேஜாரு. எஸ்எஸ்டி வாங்குங்க சார், எல்லாம் பறக்கும்னு ஓஸ்வால்ட் சார்கிட்ட அடிச்சுச் சொன்னவ நான். இன்னைக்கு என் ஆறு மாச ப்ரொபேஷன் முடியுது. நாலு மணிக்கு ரூமுக்கு வரச் சொல்லியிருக்காரு. வேலை இருக்கா இல்லையான்னு அப்போ தெரிஞ்சிடும்.

பீட்டர்: நீ செட் பண்ணது நல்லாத்தானே இருக்கு...

யாமினி: என்ன செட் பண்ணேன்? சொல்லுங்க பாக்கலாம்.

பீட்டர்: என்னம்மா பரீட்சை வைக்கிற... பழைய டிஸ்க்குங்க பெருசு, ஆனா மெதுவு. எஸ்எஸ்டி சின்னது, வேகம். எந்த ஃபைலை அடிக்கடி தொறக்குறோமோ, அதை விடியகாலையில சர்வரே எண்ணிப் பாத்து எஸ்எஸ்டிக்கு மாத்திடும். யாரும் தொறக்காதது பழைய டிஸ்க்குக்கே திரும்பிடும்.

யாமினி: பரவாயில்லையே. அப்போ ஆவணியில டெலிவரி பண்ண கோவிந்தப்பா வீட்டுக் கல்யாணம் எதுக்கு இன்னும் எஸ்எஸ்டில உக்காந்திருக்கு?

பீட்டர்: கரெக்‌ஷன் சொல்லிட்டே இருக்காங்கம்மா. கலரை மாத்து, பாட்டை மாத்துன்னு...

யாமினி: எல்லாம் முடிஞ்சு அந்த வீட்டு அம்மா மைசூர்பாக்கு குடுத்தனுப்பினாங்க. அதுல நாலு துண்டு நீங்கதான் தின்னீங்க.

பீட்டர்: அது ஞாபகம் இருக்கு.

யாமினி: தீபாவளி அன்னைக்கும் நூத்தி நாப்பத்தி நாலு. ஞாயித்துக்கிழமையும் அதே. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு எத்தனை வருது?

பீட்டர்: கணக்கெல்லாம் என்னைக் கேக்காதம்மா.

யாமினி: அண்ணா.

பீட்டர்: கேக்குது, கேக்குது.

யாமினி: மனுஷன் தொறக்கல. ஏதோ ப்ரோக்ராம் தொறக்குது.

பீட்டர்: யாமினி, நீ எங்க கோலார் தங்கவயல் ரயில்ல வந்திருக்கியா?

யாமினி: பேச்சை மாத்தாதீங்க.

பீட்டர்: மாத்தலம்மா, அங்கதான் வரேன். நான் சாம்பியன் ஸ்டேஷன்ல ஏர்றவன். வண்டி மாரிக்குப்பத்துல கெளம்பி ரொம்ப தூரம்கூட வந்திருக்காது. பாத்தா சீட்டு இருக்காது. ஆளும் இருக்க மாட்டான். சீட்டு பூரா கர்சீஃப். பங்காருபேட்டையில ஏறப்போறவனுக்கு மாரிக்குப்பத்துலயே கர்சீஃப் விழுந்திருக்கும்.

யாமினி: அதனால?

பீட்டர்: அடிக்கடி தொறக்குறதுதான் எஸ்எஸ்டில இருக்கும்னு நீ சொன்ன இல்ல... ரெண்டு நாள் லீவு போட்டா என் ஃபைலு எடத்தை விட்டுப் போயிடுமேன்னு பயம். அதான் ஒரு சின்ன ப்ரோக்ராம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே தொறந்து, அதுவே மூடிக்கும்.

யாமினி: கர்சீஃப்!

பீட்டர்: கர்சீஃப்தான். வேலை முடிஞ்சும் எடுக்க மறந்துட்டேன்.

யாமினி: உங்களுது ஒண்ணுன்னா போகட்டும். லிஸ்ட்ல பதினோரு ஃபோல்டர். எல்லாத்துக்கும் அதே நம்பர்.

பீட்டர்: ரயில்ல வர்றவன் தனக்கு மட்டுமா சீட்டு போடுவான்? செட்டுக்கே போடுவான். எடிட்டிங் ரூம்ல சஹானா கேட்டா, குடுத்தேன். டெரிக் கேக்கல, அவனுக்கும் குடுத்தேன்.

யாமினி: கேக்காமலேயா!

பீட்டர்: பக்கத்து நாற்காலிக்காரன். எப்படி விடுறது?

யாமினி: ஆய்த்து, முடிஞ்சுது போங்க. எஸ்எஸ்டி பூரா கர்சீஃப், உக்கார ஆள் இல்ல. மல்லேஸ்வரம் கல்யாணம் பாவம், நின்னுக்கிட்டே வருது.

பீட்டர்: திட்டு. நல்லாத் திட்டு. நாலு மணிக்கு சார்கிட்ட என் பேரைச் சொல்லிடு.

யாமினி: மாட்டேன்.

பீட்டர்: ஏன்?

யாமினி: சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்.

பீட்டர்: எப்பவோன்னா...?

யாமினி: நீங்க ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்.

பீட்டர்: இத்தனை மாசமா தெரியுமா உனக்கு? அப்புறம் எப்படி வேலை ஓடிச்சு? இன்னைக்குத்தானே நின்னுச்சு?

யாமினி: தினமும் ஏழு மணிக்கு வந்துடுவேன். அன்னைக்கு எந்தக் கல்யாணம் வேணுமோ அதை நானே எஸ்எஸ்டிக்கு ஏத்துவேன், உங்களுதை எறக்கிடுவேன். மறுநாள் விடியகாலையில உங்களுது மறுபடி ஏறியிருக்கும். நான் மறுபடி எறக்குவேன். இன்னைக்கு சிவாஜிநகர்ல பஸ் கெடைக்கல. வந்து சேர்றதுக்குள்ள பார்ட்டி உக்காந்தாச்சு.

பீட்டர்: அடிப்பாவி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே.

யாமினி: கேட்டா ஒத்துப்பீங்க. ஒத்துக்கிட்டா சார் காதுக்குப் போகும். லென்ஸை ஒடைச்சவரை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு இருபத்தாறு வயசு, வேற எடம் கெடைக்கும். உங்களுக்குப் படிக்கிற புள்ளைங்க ரெண்டு.

பீட்டர்: அதுக்காக உன் வேலையை...

யாமினி: குறுக்க பேசாதீங்கண்ணா, மணி மூணே கால். அந்தப் ப்ரோக்ராமை எல்லார் மெஷின்லயும் எடுத்துடுங்க. என் செட்டிங்ல தப்பு, சரி பண்ணிட்டேன்னு சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

பீட்டர்: எடுத்தாச்சு.

யாமினி: எப்போ?

பீட்டர்: மல்லேஸ்வரம்காரங்க எழுந்து போனதுமே. பதினோரு ஃபோல்டருக்கும்.

யாமினி: அப்போ இவ்வளவு நேரம் ஏன் மழுப்பினீங்க? ஞாபகம் இல்ல, கரெக்‌ஷன் வந்துச்சுன்னு...

பீட்டர்: சார்கிட்ட சொல்றப்போகூட வாய் வந்துச்சு. உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வரல.

யாமினி: சார்கிட்டயா? அண்ணா... சொல்லிட்டீங்களா?

பீட்டர்: பதினோரு மணிக்கே போய்ச் சொல்லிட்டேன். அரை மணி நேரம் கத்தினாரு, ஆனா வீட்டுக்குப் போன்னு சொல்லல. சஹானாவுக்கும் டெரிக்குக்கும் ஆளுக்கொரு மெமோ. எனக்கு மூணு மாசம் பழைய டிஸ்க்லதான் எடிட்டிங். மல்லேஸ்வரம்காரங்க சனிக்கிழமை திரும்ப வராங்க. உன்னைப் பெர்மனென்ட் பண்ற ஆர்டர்ல கையெழுத்து போட்டு வெச்சிருக்காரு. நாலு மணிக்குக் கூப்பிட்டது அதைக் கையில குடுக்கத்தான்.