கம்ப்யூட்டர்ல இருந்த புள்ள

ஹலோ... ஹலோ, திருமானூருங்களா... பழனிவேல் மச்சானா? நான்தாங்க, மணிவண்ணன், பெரம்பலூர்லேர்ந்து... உங்க தங்கச்சி புருசன்தாங்க, வேற எந்த மணிவண்ணன்... இருங்க, இருங்க, வச்சிடாதீங்க. காலையிலேர்ந்து பாதியிலயே வச்சிடுறீங்க. இந்தத் தடவையாவது முழுசாத் திட்டிட்டு வைங்க.

...ஆமாங்க... ஆமா... ஆமா, நான்தான் சொன்னேன். "நம்ம புள்ளதான் மச்சான்"னு என் வாயாலதான் சொன்னேன். கடைக்கு வந்தீங்க. கம்ப்யூட்டர்ல ஒரு கொழந்தை சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. யாரு புள்ளன்னு கேட்டீங்க. எனக்கு நாக்குல சனி... தமாசுதாங்க அது. தமாசுன்னு பக்கத்துல ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கணும், என் தப்புதான்.

...இல்லைங்க, எனக்கு எங்கயும் இன்னொரு குடும்பம் இல்ல. இருக்கற ஒண்ணுக்கே கரண்ட் பில்லு கட்ட முடியல... சரி, சரி, தமாசு பண்ணல.

ஒரு நிமிசம் மச்சான்... அய்யம்பெருமாள் சார், நெட்டு வராதுங்க. இந்த ஒரு லைன்லதான் நெட்டும் வருது, போனும் பேசுறேன். சும்மா சீட்டு வெளயாடிக்கிட்டு இருங்க, காசு வேணாம்... நீங்க சொல்லுங்க மச்சான்.

...எப்படி உள்ள வந்துச்சுன்னா? அதைத்தானே சொல்ல வரேன். நெட்டுல ஊரு உலகத்துல உள்ளவன்லாம் படம் போட்டு வச்சிருக்கான். மலை, அருவி, காரு, கொழந்தை. புடிச்ச படத்து மேல அம்பை வச்சு, மவுசுல வலது பக்கம் ஒரு அமுக்கு. நம்ம கம்ப்யூட்டருக்கு வந்துடும். இன்னும் ரெண்டு அமுக்கு, ஸ்கிரீன் முழுக்க வந்து ஒக்காந்துக்கும். கடையில காலண்டர் மாட்டுறோம்ல, அது மாதிரி... பெத்தவங்களா? எனக்கு எப்படிங்க தெரியும்? அமெரிக்காவோ, ஆஸ்திரேலியாவோ. கண்ணு நீலமா இருந்துச்சே, கவனிச்சீங்களா? என் மூஞ்சிய ஒரு தடவை நெனச்சுப் பாருங்க. எங்க பரம்பரையில எவனுக்காவது நீலக் கண்ணு இருந்திருந்தா, நான் ஏன் பஸ் ஸ்டாண்டு பின்னாடி மூணு ஓட்டைக் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கப்போறேன்?

...சிரிச்சிட்டீங்க. சிரிச்சிட்டீங்க மச்சான், கேட்டுச்சு. போதும். உங்க தங்கச்சி மலர்கொடிகிட்ட குடுங்க... பக்கத்துலதான் நிக்கிறாளா... குடுங்க, குடுங்க.

மலரு.

...

மலரு, கேட்டியா? உங்கண்ணனே சிரிச்சிட்டாரு. பஞ்சாயத்து முடிஞ்சிடுச்சு. பையை எடுத்துக்கிட்டுக் கௌம்பு. அரியலூர்ல எறங்கி மாறினீன்னா சோத்து நேரத்துக்கு வந்துடலாம். சோறு நான்தான் வடிச்சிருக்கேன், அதனால அரியலூர்லயே சாப்டுட்டு வந்துடு...

...என்னது?... தமாசுன்னு மொதல்லேர்ந்தே தெரியுமா?... அப்பறம் எதுக்கு நான் உங்கண்ணங்கிட்ட என் மூஞ்சிய வித்துக்கிட்டு இருந்தேன்?... அப்ப நீ சந்தேகப்பட்டுப் போகல... ம்... ம். பின்ன எதுக்குப் போன?

...அந்தப் படம் எம்புட்டு நாளா இருக்குன்னா? அது கஸ்டமருக்காக மலரு. கடைக்கு வர்றவங்க பாத்தா ஒரு இதுவா... இல்ல. மத்த ரெண்டுலயும் இல்ல. அதுல காலேஜ் பசங்க நடிகை படத்தை வச்சிட்டுப் போவானுங்க, நான் மறுபடியும் அருவியை வைப்பேன்... ஆமா. நான் ஒக்கார்றதுல மட்டும்தான்... ஆடியிலேர்ந்து.

...சார், கொஞ்சம் பொறுங்க சார், குடும்பம் ஓடிக்கிட்டு இருக்கு.

...ஆமா, சொன்னேன். எனக்குப் புள்ளயே வேணாம்னு சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வெளிய வர்றப்ப சொன்னேன். இந்த மூக்கோட ஒரு பொட்டப்புள்ள பொறந்தா எவன் கட்டிக்குவான், பொறக்காம இருக்கறதே அதுக்கு நல்லதுன்னு சொன்னேன். நீயும் சிரிச்ச... சிரிச்சியா இல்லயா?... பொய்யாவா சிரிச்ச?... சரி. நானும் பொய்யாத்தான் சொன்னேன்.

...என்ன பேசுற நீ?... எனக்கு வேற கல்யாணமா? எங்கம்மா சொல்லுச்சா?... எங்கம்மா ஆயிரம் சொல்லும். அது சொல்றதையெல்லாம் கேட்டிருந்தா நான் இன்னேரம் போலீசுக்காரனா ஆயிருக்கணும்... ஓ. இப்பத்தான் புரியுது. உங்கண்ணன் கௌப்பிவிட்ட பேச்சு நல்ல சாக்காப் போச்சு உனக்கு. ஊருக்கு முன்னாடி நான் கெட்டவன்னு ஆயிடும். நீ பாட்டுக்கு ஒதுங்கிக்கலாம், எவளாவது வந்து பெத்துக் குடுப்பா. அப்படித்தானே?... நல்லா யோசிச்சிருக்க மலரு. எனக்கு நல்லது பண்றேன்னு என்னையக் கொண்டாந்து நடுத்தெருவுல நிறுத்திட்டுப் போற.

...கத்தல. நான் ஒண்ணும் கத்தல... சரி, கத்துனேன்.

...ஆமா, பாக்குறேன். கடையத் தொறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்குறேன். யாரோ பெத்த புள்ள. வெக்கமாத்தான் இருக்கு. ஆளு வந்தா மேல வேற எதையாவது தொறந்து மறச்சிடுவேன். அன்னைக்கு உங்கண்ணன் சொல்லாம கொள்ளாம வந்துட்டாரு.

...அழிச்சிடணுமா?... அழிச்சா வருவியா?... அதெல்லாம் அப்பறம், மொதல்ல அழிக்கணுமா? சரி. இரு... ஸ்கிரீன்லேர்ந்து எடுத்தாச்சு. வெறும் பச்சையா இருக்கு, ஆஸ்பத்திரிச் செவுரு மாதிரி... ஆமா, உள்ளயும் ஒண்ணு இருக்கு. அதையும் எடுக்குறேன். இரு... டிலீட்டு... ம்.

...இல்ல, போகல. கேள்வி கேக்குது... கம்ப்யூட்டர்தான் கேக்குது. எதை அழிச்சாலும் ஒரு தடவை கேக்கும்... இங்கிலீசுல. இதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பணுமா, நிச்சயந்தானான்னு... 'இதை'ன்னா இதைத்தான். படத்துக்கு ஒரு பேரு குடுத்துதான் உள்ள வைக்கணும். அந்தப் பேரைப் போட்டுக் கேக்குது... அதெல்லாம் எதுக்கு மலரு... ஒண்ணுமில்ல, ஏதோ ஒரு பேரு...

படிக்கணுமா?

பூங்கோதை.

பூங்கோதையைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பணுமான்னு கேக்குது.

...

...ஆமா. மொத தடவை உண்டாயிருந்தப்ப, அஞ்சாம் மாசத்துல, நீ சொன்ன பேருதான்... நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்.

...மலரு... மலரு, அழாத... உங்கண்ணனைத் தண்ணி கொண்டாரச் சொல்லு.

...அமுத்தட்டுமா? நீயே சொல்லு... நீதானே அழிக்கச் சொன்ன... என்னால ஆவாது. ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு சரி, ஒண்ணு வேணாம். நான் ரெண்டையும் தொட மாட்டேன். நீ வந்து அமுத்து. எதை வேணா அமுத்து. நான் பக்கத்துல நிக்கிறேன், ஒரு தமாசும் பண்ண மாட்டேன். நீ வர்ற வரைக்கும் இது கேட்டுக்கிட்டே நிக்கட்டும்.

...ஆமா, அணைக்க மாட்டேன். கடையப் பூட்டுனாலும் இது மட்டும் ஓடும்... நாளைக்கும்தான்.

...கரண்டு போனாவா?

கரண்டு போனா கேள்விதான் போவும் மலரு. அவ அங்கயேதான் இருப்பா.

...ஹலோ... மலரு... வச்சிட்டியா?... கௌம்பிட்டியா?... ஹலோ...