சிலுவைமேல் விழுந்த வெளிச்சம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, மலை சுற்றிய கால்வலியோடும் மன்றம் தேடி வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடி வந்த தாய்மார்களே, கைபேசியைப் பைக்குள்ளும் மனத்தைக் கைபேசிக்குள்ளும் வைத்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பலராமனின் பணிவான வணக்கம்!

விழா நாயகர் பேராசிரியர் செழியன், என்னோடு இயற்பியல் கற்பித்தவர். கீழ்பென்னாத்தூர்க் கடலைக் காட்டில் பிறந்து, ஒளியை ஆராய்ந்து உயர்ந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆய்வகத்தில் நாங்கள் கேட்டோம்: சமன்பாடு தெரிந்தவனுக்குச் சாமி எதற்கு? கோயிலில் அவர்கள் கேட்டார்கள்: சாமி இருப்பவனுக்குச் சந்தேகம் எதற்கு? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

ஒரு தவக்காலம். அவர் ஊர்க் கோயிலில், காலைப் பூசையின்போது, பீடத்துச் சிலுவைமேல் பொன்னாய் ஒரு வெளிச்சம். புதுமை, ஆண்டவர் செய்த புதுமை, அற்புதம் என்று ஊரெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். செழியனின் தாயார் சரசு அம்மாள், ரத்த அழுத்தக்காரர், கர்த்தர் குணமாக்கிவிட்டார் என்று மாத்திரையையே நிறுத்திவிட்டார். ஐயையோ என்கிறீர்களா, அம்மா? செழியனும் அப்படித்தான் பதறினார்.

போய்ப் பார்த்தார். எதிரே புதுமாடியில், காலை வெயில் பட்டுத் தெறிக்கும் கண்ணாடி ஜன்னல். வீட்டுக்காரரைக் கேட்டு அதன்மேல் போர்வையைப் போட்டார், வெளிச்சம் போனது. எடுத்தார், வந்தது. சொன்னால் தாயின் நம்பிக்கை போகுமா? சொல்லாவிட்டால் தாயின் உயிரே போகுமா? பெற்றவளா, பெற்ற அறிவா?

பீடத்தின்முன் முழந்தாளிட்டார். என்ன வேண்டினாய் என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"இது புதுமையா இருக்கட்டும்னு கேக்கல பலராமா. உள்ளதைச் சொல்ற தைரியம் குடுன்னுதான் கேட்டேன்."

அன்பர்களே, அறிவியலும் ஆண்டவரும் அவருக்குள் கைகோத்த இடம் அதுதான்! கருவி காட்டுவதை மாற்றச் சொல்லியா கேட்டார்? காட்டியதைச் சொல்லும் நெஞ்சுரத்தை அல்லவா கேட்டார்!

பூசை முடிந்ததும், பங்குத்தந்தையின் அனுமதியோடு, எல்லோர் முன்னும் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செழியன் தாயை மட்டுமே பார்த்து நின்றார். சரசு அம்மாள் எழுந்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், நேரே மகனிடம் வந்தார்.

"இதைச் சொல்லவாடா இம்மா பயந்துக்கினு நின்ன? நான் வெளிச்சத்தையா கும்பிட்டேன்? வா, வூட்டுக்குப் போய் மாத்திரையை எடுத்துக் குடு."

அப்பாடா! அன்று எனக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது செழியன் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். அண்ணாமலையாரைக் கும்பிடுகிற நானும் சேர்ந்து அழுதேன். சில வாரங்களில் சூரியன் நகர்ந்தது, சிலுவைமேல் இருந்த வெளிச்சமும் மறைந்தது. அம்மா பூசையையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை! உண்மைக்கு அஞ்சும் பக்தி எதற்கு? பக்திக்கு அஞ்சும் உண்மைதான் எதற்கு?

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். பொறுமையோடு கேட்ட செவிகளுக்கெல்லாம் என் நன்றி. இன்னும் பேச ஆசைதான். ஆனால் முன்வரிசையில் சரசு அம்மாள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவருக்கு மாத்திரை நேரம். வணக்கம்!