சகலையின் பிளக்

ஸ்பார்க் பிளக் மாற்றுவது சட்டைக்குப் பொத்தான் வைப்பதைவிடச் சுலபம், ஐயா. மேலே இருக்கும் தொப்பியைக் கழற்றி, பழையதை ஸ்பேனரால் திருகி எடுத்து, புதியதைக் கையால் மரை பிடிக்கவிட்டு, கடைசியில் ஸ்பேனரால் ஓர் இறுக்கு. முடிந்தது. என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, இதைச் செய்யக் கிளம்பினால் முதலில் இருக்கைக்கு அடியில் என்ஜினைத் தேடுவார்.

ஓய்வுபெற்றதும் அவர் வாங்கியது மணலில் ஓடும் நாலுசக்கர பைக். கிளப்பினார் என்றால் ஊர்க் காக்கைகளில் பாதி வீடு மாறும். தினமும் காலையில், கடல் உள்வாங்கிய மணல்வெளியில் எதிரே தெரியும் குட்டித்தீவு வரை ஓட்டிப்போய், தண்ணீர் ஏறுமுன் திரும்பிவிடுவார். ஆபரேஷன் செய்த முழங்கால். நடக்கச் சொன்னால் தூணுக்குத் தூண் நாற்காலி கேட்பார்.

வண்டிக்கு எண்ணெய், செயின், பிளக் எல்லாம் என் கைதான். நான் குறைப்பட்டதில்லை. ஒருநாள் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும்போது, "பிளக்கா? நானே மாத்தினேன்" என்றார்.

"அத்தானைப் பாருங்க. நீங்களும் இருக்கீங்களே, பல்பு மாத்தவே ஆள் தேடுவீங்க" என்றாள் என் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'நான்' என்று மட்டும் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அந்த 'ஏ' இருக்கிறதே, அது என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

சில நாள் கழித்து, ஒரு காலை அவர் குளிக்கும்போது நல்ல பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பீங்கானில் விரிசல் விட்ட பழையதை மாட்டினேன். வண்டி நிற்கும், என்னைக் கூப்பிடுவார். என் ஆசை அவ்வளவுதான். விரிசல் பிளக் கிளம்பும்போது அடம்பிடிக்காது. சூடேறிய பிறகுதான் காலை வாரும். எங்கே போனால் சூடேறும் என்பதும் எனக்குத் தெரியும். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கூப்பிட்டார். "சகலை, வண்டி நடுவுல நின்னுடுச்சு. வாங்களேன்."

"நீங்களே மாத்திடுவீங்களே சகலை."

"அட, அன்னிக்குச் சும்மா அளந்துவிட்டேன். எல்லாம் நீங்கதான். விளையாடாதீங்க, தண்ணி ஏறுது."

காதில் தேன் பாய்ந்தது. ஆனால் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அக்காவும் தங்கையும் கடைக்குப் போயிருந்தார்கள். "அவங்க வரட்டும், ஸ்பீக்கர்ல போடறேன். இதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுப் படகுக்காரரின் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் காப்பாற்றிய பெயர் அவருக்கல்லவா போயிருக்கும்?

பெண்கள் பைகளோடு வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டேன். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு?" என்றாள் அக்கா.

"ராங் நம்பர்" என்றேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, ஐயா. அந்த நல்ல பிளக் இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் அவர்தான் பிளக்கைத் தப்பாக மாட்டிவிட்டார் என்கிறார்கள். "எல்லாத்தையும் நானே பண்றேன், நானே பண்றேன்னு நின்னாரே" என்று அவர் மனைவி நேற்றும் அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அதனால்தான் இங்கே வந்தேன்.

பிளக்கை மாற்றியது யார் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்: நானே.

அந்த 'ஏ'யை விட்டுவிடாதீர்கள்.