மக்கத்து மருதாணி

— தலமாட்டுலயா கால்மாட்டுலயா, அதை மட்டும் சொல்லுங்க மாமா. உம்மா கபருல மருதாணிச் செடியை எந்தப் பக்கம் வச்சீய?

— முதல்ல உக்காரு ஆபிதா. செம்பூர்லேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருப்ப. டீ சொல்லட்டுமா?

— டீயெல்லாம் கிடக்கட்டும். நீங்க ஆளனுப்பிக் கூப்பிட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க வீட்டுல அவுக நேத்து தாராவிக்கு வந்தப்ப எல்லாத்தையும் உளறிட்டாவ, அப்படித்தானே? பதினெட்டாந்தேதி ஹஜ்ஜுக் கப்பலு. ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சாச்சு. நானே வந்து சொல்லி உங்க மூஞ்சியப் பாக்கணும்னு இருந்தேன். அந்த மனுஷன் வாயில எதுவும் நிக்காது.

— ஆமா, உன் மாப்பிள்ளை கரீம் பாட்சாதான் சொன்னாரு. நல்ல காரியம், அல்லா லேசாக்கித் தரட்டும். ஆனா நான் உன்னைக் கூப்பிட்டது, கேட்டியா...

— வழி சொல்லத்தானே? எனக்கு எதுக்கு வழி? அஞ்சு வருஷமா நீங்க சொல்லிச் சொல்லி, செம்பூரை விட எனக்கு மக்கா அத்துபடி. கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன். பள்ளியை விட்டு வெளிய வந்தா கடைத்தெரு. ஒத்தக்கண்ணு ரொட்டிக்காரன். உம்மா பல்லு இல்லாம ரொட்டியை மெல்லுறதைப் பாத்துட்டு, அவன் பாலு வாங்கி ஊத்திக் குடுத்தான். அதைத் தாண்டினா மேடு. அடக்கம் பண்ணுற மய்யவாடிக்குப் பச்சைக் கதவு. உள்ள போயி பத்து எட்டு வச்சா உம்மா.

— பத்து எட்டுன்னா சொன்னேன்?

— பின்னே? ஒரு தடவை பன்னெண்டுன்னீய. நான் பத்துன்னே வச்சுக்கிட்டேன். போன செப்டம்பர்ல சண்டை நடந்தப்ப, ஜன்னலுக்குக் கருப்புக் காகிதம் ஒட்டிக்கிட்டு எல்லாரும் நடுங்கிக்கிட்டுக் கிடந்தோமே, அப்ப எம் புள்ளைக ரெண்டையும் மடியில போட்டுக்கிட்டு என்ன சொன்னேன்னு நினைக்கீய? இந்தக் கதைதான். நான் எந்த ஊரைப் பாத்திருக்கேன் மாமா? மேலப்பாளையத்துலேருந்து பம்பாய்க்கு ஒரு ரயிலு. அதுக்கப்புறம் செம்பூர், தாராவி, திரும்பச் செம்பூர். நான் உலகத்தைப் பாத்ததே உங்க வாயாலதான்.

— அந்தக் கதவைச் சாத்து புள்ள. வெளிய தோல் அடிக்கிற சத்தத்துல பேச முடியல.

— சாத்தியாச்சு. இதைக் கேளுங்க. தையக்கடை சிராஜ் போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தாருல்ல? அவரு சொல்லுதாரு, அந்த மய்யவாடில ஒரு கபருலயும் செடி கிடையாதாம். தலைக்கல்லுல பேரும் கிடையாதாம். வெறும் மண்ணும் சரளையும்தானாம். யாரு எங்க கிடக்காங்கன்னே தெரியாதாம். அவுக அதைக் கேட்டுட்டு வந்து என்னை ஒரு தினுசா பாக்காவ. நான் விட்டேனா? எங்க மாமா தன் கையால நட்ட செடி, உங்க சிராஜை முதல்ல கண்ணாடி போடச் சொல்லுங்கன்னுட்டேன்.

— சிராஜ் சொன்னது சரி.

— என்னது?

— சிராஜ் சொன்னதுதான் சரி ஆபிதா. அங்க செடி கிடையாது.

— பட்டுப் போச்சோ? அந்த வெயில்ல யாரு தண்ணி ஊத்துவா... சரி விடுங்க. நான் ஒரு கம்பு வெட்டி ஈரத்துணியில சுத்திக் கொண்டுபோயி நடுதேன்.

— பட்டுப் போகல. நான் நடவே இல்ல.

— அப்பம் ஏன் நட்டேன்னு சொன்னீய?

— கபரு எப்படி இருக்கும் மாமான்னு நீ அழுதுக்கிட்டே கேட்ட. எனக்கு நம்ம ஊரு மய்யவாடிதான் தெரியும். அங்கன மருதாணி நிக்கும்ல, அதை அப்படியே தூக்கி மக்கத்துல வச்சிட்டேன்.

— போங்க மாமா, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி... சரி, செடி இல்ல. இடம் இருக்குல்ல? ஏன் தலையக் குனியுதீய? இடம் மறந்து போச்சா? அதைச் சொல்லத்தான் கூப்பிட்டீயளா? அஞ்சு வருஷமாச்சு, மறக்கத்தானே செய்யும். இதுக்குப் போயி...

— மறக்கணும்னா முதல்ல பாத்திருக்கணும்ல? நான் மக்காவுக்குப் போனதே இல்ல புள்ள.

— என்ன விளையாட்டு இது?

— விளையாடல.

— ஊரே உங்களை ஹாஜியார்ங்குது! கப்பலேறப் போறவங்களை வருஷா வருஷம் பள்ளியில உக்கார வச்சு நீங்கதானே எல்லாம் சொல்லிக் குடுக்கீய!

— போன வருஷம் வந்தவன் சொன்னதை இந்த வருஷம் போறவனுக்குச் சொல்லுவேன். அவ்வளவுதான் என் ஹஜ்ஜு.

— இல்ல. இல்ல மாமா. நாங்க துறைமுகத்துக்கே வந்தோம். நானு, தங்கச்சி பேகம், அவுக எல்லாரும். உங்க ரெண்டு பேருக்கும் மாலை போட்டு அனுப்பினோம். கப்பல் கிளம்பையில கேட்டுக்கு வெளிய நின்னு கையை ஆட்டினோம். உம்மா மேல்தட்டுல வெள்ளைத் துணியோட நின்னு திருப்பி ஆட்டினாவ. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்!

— அது யாரோ.

— யாரோவா?

— யாரு பெத்த உம்மாவோ. அம்புட்டுத் தூரத்துலேருந்து பாத்தா எல்லாப் பொம்பளையும் ஒண்ணு போலத்தான் இருப்பா. அந்த நேரத்துல நாங்க கீழ, ஷெட்டுக்குள்ள, டாக்டரு மேசைக்குப் பக்கத்துல பெஞ்சியில உக்காந்திருந்தோம். கப்பல் சங்கு ஊதினப்ப உங்க உம்மா காதைப் பொத்திக்கிட்டா.

— என்ன டாக்டரு? எதுக்கு டாக்டரு?

— அம்மை ஊசி போட்ட சீட்டைப் பாக்குற டாக்டரு. அக்கா சீட்டை நீட்டினா. அவரு சீட்டைப் பாக்கல, கையைப் பாத்தாரு. முழங்கைக்குக் கீழ வெளுத்துப்போயி ஒரு தழும்பு இருக்குமே, தெரியுமா?

— அது அடுப்புல சுட்ட தழும்பு. பேகம் பொறந்த வருஷம் கஞ்சிப் பானை சரிஞ்சு...

— நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அவரு ‘ஆங்க் பந்த் கரோ’ன்னாரு. அக்கா கண்ணை மூடினா. ஒரு குண்டூசிய எடுத்து அந்தத் தழும்புல குத்தினாரு. ரத்தம் வந்து என் சட்டையில சொட்டிச்சு. உங்க உம்மா கண்ணை மூடிக்கிட்டே எங்கிட்ட கேக்கா, ‘எப்பம்டா குத்துவாரு, இனாயத்து? பயமா இருக்கு’ன்னு.

— யா அல்லா.

— தோலு மரத்து, விரலு மடங்கிப் போற நோவு. அதுக்கு என்ன பேருன்னு உனக்கே தெரியும்.

— சொல்லாதீய! அந்தப் பேரைச் சொல்லாதீய மாமா! சுவருக்குக் காது இருக்கு, பக்கத்து ரூம்ல பொம்பளைக இருக்காவ!

— சொல்லல.

— எங்க உம்மாவுக்கா? அஞ்சு வேளை தொழுகைக்கு ஒளு எடுத்துக் கழுவின கையிலயா? அந்த டாக்டரு தப்பாப் பாத்திருப்பான். வேற டாக்டருகிட்ட காட்டினீயளா?

— மூணு பேருகிட்ட காட்டினேன். மூணு பேரும் குண்டூசிதான் எடுத்தான்.

— வெளிய தானே நின்னோம். கூப்பிடு தூரத்துல நின்னோமே மாமா. ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

— எந்திரிச்சேன். அக்கா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிட்டா. ‘இன்னும் நாலு மாசத்துல பேகத்துக்கு நிக்காஹ். இந்த நோவு இருக்கிற வீட்டுல எவன்டா பொண்ணெடுப்பான்? பெரியவளையும் கட்டினவன் மறுநாளே மூட்டை கட்டி அனுப்பிருவான். வாப்பா இல்லாத புள்ளைக. நான் மக்கத்துல மவுத்தாயிட்டேன்னு சொல்லிடு, அது எம் புள்ளைகளுக்குப் பெருமை’ன்னா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கேட்டியா. ஏதோ கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புற மாதிரி சொன்னா.

— நீங்களும் சரின்னுட்டீயளோ?

— குர்ஆன் மேல என் கையைத் தூக்கி வச்சிட்டா. நான் என்ன செய்ய?

— மூணு மாசம்! ஹஜ்ஜு முடிஞ்சு கப்பல் திரும்பி வர மூணு மாசம் ஆச்சே. எங்க இருந்தீய?

— இங்கன பக்கத்துல, கல்யாண் ஊருல. ஒரு சினேகிதன் கார்கானாவுல பை தைச்சுக்கிட்டுக் கிடந்தேன். கப்பல் வந்த அன்னைக்கு மொட்டை அடிச்சுக்கிட்டு, மூட்டை தூக்குறவங்களோட உள்ள போயி, ஹாஜிமாரு கூட்டத்தோட வெளிய வந்தேன். நீதான் முதல்ல ஓடி வந்த. ‘உம்மா எங்க’ன்னு கேட்ட.

— நீங்க வானத்தைக் காட்டினீய.

— ஆமா.

— நான் மயங்கி விழுந்தேன். என்னைத் தூக்கி ஜம்ஜம் தண்ணி தெளிச்சீயளே, அது? அதுவும் குழாய்த் தண்ணியா?

— அது நெசம். கூட வந்த ஒரு ஹாஜியாருகிட்ட கேட்டு வாங்கினேன்.

— அல்ஹம்துலில்லா. உங்ககிட்ட ஒண்ணாவது நெசமா இருந்திருக்கு! நாப்பதாம் நாளு ஃபாத்திஹா ஓதினோமே. ரெண்டு தேக்சா சோறாக்கி இந்தச் சந்துக்கே போட்டோம். நீங்க முதல் வரிசையில உக்காந்து ஆமீன் சொன்னீய மாமா!

— உக்காந்திருந்தேன். சோறு தொண்டையில இறங்கல.

— எனக்கு இறங்கிச்சே! உம்மா புண்ணியம்னு நினைச்சு ரெண்டாந்தடவை வாங்கித் தின்னேனே! மக்கத்துல மவுத்தானவ மகள்னுதான் எங்க மாமியா இன்னைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கா. அவுக இந்தக் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணதே எங்க உம்மா கபரைப் பாக்கணும்னுதான். நான் இப்பம் செம்பூருக்குப் போயி அவுககிட்ட என்னன்னு சொல்லுவேன்?

— அதான் உன்னைத் தனியா வரச் சொன்னேன்.

— அந்த ரொட்டிக்காரன்?

— எந்த ரொட்டிக்காரன்?

— ஒத்தக்கண்ணு ரொட்டிக்காரன். பாலு ஊத்திக் குடுத்தவன்.

— அவன் கல்யாண் டேஷன்ல இருந்தான். எனக்குத்தான் குடுத்தான்.

— எனக்குச் சிரிப்பு வருது மாமா. பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கு. எம் புள்ளைக அவனுக்கு துஆ செய்யுதுக... எங்க கொண்டுபோயிச் சேத்தீய? அதையாவது கலப்படம் இல்லாமச் சொல்லுங்க.

— வடாலா பக்கம். உசந்த மதிலு வச்ச ஆஸ்பத்திரி. அந்த நோவுக்குன்னே இருக்கிறது. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, குறை சொல்லக் கூடாது. பக்கத்துக் கட்டிலு நம்ம ஊருப் பக்கத்து நாசரேத்துக்காரி, சேசம்மாள்னு பேரு. அவ ஜெபம் பண்ணுவா, உங்க உம்மா ஓதுவா. ரெண்டு பேருக்கும் நல்ல சினேகம்.

— வடாலாவா? மாமா, நான் வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த வழியாத்தான் ரயில்ல போறேன்! ஜன்னலோரம் உக்காந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டு! மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க உம்மா கிடந்திருக்காவ, நான் கடலத்தோலை ஊதிக்கிட்டு...

— அழு. அழுதுரு. ஆனா நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லி முடிக்கல...

— முடிக்க என்ன இருக்கு? நீங்க பேசினது போதும்! அஞ்சு வருஷம் பேசினது போதும்! கூட ஒரு புள்ளை இல்ல, வாயில தண்ணி ஊத்த ஆளில்ல. யாசீன் ஓதவாவது ஒருத்தர் இருந்தாவளா?

— ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போயிருதேன் புள்ள. ஒரு வாரம் விட்டதில்ல.

— கபரைக் காட்டுங்க. இப்பமே.

— கபரு...

— அதுவும் இல்லையா? அனாதைன்னு எரிச்சிட்டானா?

— ஏ! வாயைக் கழுவு! என்ன பேச்சு பேசுத?

— பின்னே எங்க கொண்டு வச்சிருக்கீய எங்க உம்மாவை?

— பர்தாவைப் போடு. வடாலாவுக்குப் போவோம். நேர்ல பாத்துக்கோ. நான் எப்படிச் சொன்னாலும் நீ நம்ப மாட்ட.

— வாரேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டுக் கிளம்புங்க. நீங்க பேசாம இருந்திருந்தா நான் பாட்டுக்குக் கப்பலேறிப் போயி, ஏதோ ஒரு சரளை மேட்டுல நின்னு உம்மான்னு கூப்பிட்டு அழுதுட்டு, மனசு ஆறித் திரும்பி வந்திருப்பேன். பேகமும் நானும் புள்ளைகுட்டியோட நல்லா இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. குர்ஆன் மேல கையை வச்சு அஞ்சு வருஷம் கட்டிக் காத்த மனுஷன், இன்னைக்கு எதுக்கு அதை உடைச்சீய? யாரு உங்களைச் சொல்லச் சொன்னா?

— உங்க உம்மாதான். இன்னைக்குக் காலையில, எனக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு.