கஸ்பாரின் ரேஸ் படிவம்

சாயங்காலம் ஆறே முக்கால் மணி. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற சாலை. இரண்டு பக்கமும் காடு. மழை நின்று, சாலை மட்டும் பளபளத்துக் கிடக்கிறது... ஆள் இல்லை, பஸ் இல்லை. ஒரே ஒரு பைக் போகிறது. அதில் மரிய ஆனந்த்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தொண்டை கிழியக் கத்த என்னால் முடியாது. இந்த மரிய ஆனந்த் என் மைத்துனன் குமாரின் கூட்டாளி. நல்லம்பள்ளியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவர். குமார் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சோபனா, சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடு.

ஆனந்துக்குப் பழைய ரேஸ் வண்டி என்றால் கிறுக்கு. சேலத்தில் ஒரு காயலான் கடையில் எழுபதுகளில் பந்தயம் ஓடின வண்டியின் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு வண்டியையே கட்டி எழுப்பிவிட்டார் மனுஷன். எல்லாம் தம்பி ஆரோக்கிய பிரவீனுக்காக. இருபத்திரண்டு வயசுப் பையன். அம்மா போன பிறகு, அப்பா வேலைக்கு ஓட, ஆனந்த் தோளில் போட்டு வளர்த்த தம்பி, அவன் மேல் அப்படி ஓர் உயிர்.

கோயம்புத்தூரில் பழைய வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடக்கும். அதில் ஒரு கறாரான விதி. வண்டியில் இருக்கிற ரேஸ் பாகம் ஒவ்வொன்றும் அந்தக் காலத்திலேயே பந்தயத்தில் ஓடியது என்று, அந்தக் காலத்துக் காகிதத்தைக் காட்ட வேண்டும். பில்லோ, போட்டோவோ, படிவமோ, ஏதோ ஒன்று. வாய்ப்பேச்சு எடுபடாது. போன வருஷம் காகிதம் இல்லை என்று பிரவீனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனந்தால் அதைத் தாங்கவே முடியவில்லை.

எட்டு மாதம் அலைந்தார். சென்னையில் பழைய ரேஸ்காரர்கள் வீடு, பெங்களூரில் பழைய புத்தகக் கடை, யார் யாருடைய போட்டோ ஆல்பமோ... சிலிண்டரில் குத்தியிருந்த நம்பர் 4417. எவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஓசூரில் ஒருவர் சிலிண்டரின் துளையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கஸ்பாரு கையால அரம் போட்டு ராவுனதுங்க. பென்னாகரத்துக்கு அந்தாண்ட ஆளு. எழுவத்தஞ்சுல பந்தயத்துலயே செத்துட்டாரு. சம்சாரம் தெரசா மட்டும் இருக்குறாங்க" என்றார்.

அந்த வீட்டுக்குத்தான் இந்தப் பயணம். ஒற்றை பல்பு, ஒற்றை அறை. தெரசா அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். கர்ர்ர்... மூடியைத் திறந்தார்.

குப்பென்று விளக்கெண்ணெய் கருகின வாசனை. அந்தக் காலத்து ரேஸ் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம், அது ஆனந்துக்கும் தெரியும். ஆனால் ஐம்பது வருஷம் பூட்டிக் கிடந்த பெட்டி. இப்போதுதான் இன்ஜினை அணைத்த மாதிரி சூடாக அடித்தது.

உள்ளே ஒரே ஒரு காகிதம், பந்தயத்தில் சேர எழுதிக் கொடுக்கிற படிவம். பழுப்பேறி, நாலாக மடித்து. முத்திரை இருந்தது. பாக விவரத்தில் 4417 என்று தெளிவாக இருந்தது. ஆனந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கையை நீட்டினார். தெரசா படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "என்னைய கேக்காதீங்க. அவரு பொருளு. அவருகிட்ட கேட்டுட்டு எடுங்க."

அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். செத்தவர் பொருளை எடுப்பதானால், படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சுவரில் கஸ்பார் இருந்தார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரிக்காமல்.

ஆனந்துக்குக் கூச்சம். ஆனாலும் நம்ம ஊர் மரியாதை இருக்கிறதே, ஒன்றைக் கேட்கப் போனால் நாலு வார்த்தை சேர்த்துத்தானே பேசுவோம். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஐயா, எங்க தம்பி ஓட்டப் போறானுங்க. அவன உங்க புள்ளன்னே நெனச்சுக் குடுங்க."

அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த தெரசாவின் கையிலிருந்து டம்ளர் கீழே விழுந்தது.

"ஐயோ... என்ன வார்த்த சொல்லிட்டீங்க? குடுங்கன்னு மட்டும் கேட்டா ஆவாதுங்களா? எங்களுக்குப் புள்ள இல்லீங்க. அந்த ஏக்கத்தோடயே போன மனுசங்க அவரு!"

தெரசா படிவத்தை ஆனந்த் கையில் திணித்தார், வெளியே அனுப்பினார், உடனே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஆனந்த் வண்டியை முறுக்கினார். காடு முடிந்தது, பென்னாகரம் போனது... விளக்கெண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. சட்டைப்பையில் இருக்கிற காகிதத்தின் வாசனை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இண்டூர் தாண்டும்போது வாசனை சட்டென்று நின்றது. அதே நேரம் போன் அடித்தது. பிரவீன்.

"அண்ணா... நம்ம ரேஸ் வண்டி ஓடுது."

"நீ ஸ்டார்ட் பண்ணியா?"

"இல்லீங்கண்ணா. நான் வெளிய நிக்கறன். ஷட்டரு பூட்டியிருக்குது. கார்புரேட்டரக் கழுவலாம்னு கழட்டி என் கையில வச்சிருக்கறன்."

கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜினுக்குச் சொட்டுப் பெட்ரோல் போகாது. ஓடவே ஓடாது. போனுக்குள் அந்தச் சத்தம் ஆனந்துக்கே கேட்டது... ர்ர்ரூம்... ர்ர்ரூம்... யாரோ பொறுமையாக முறுக்கிப் பார்க்கிற சத்தம். "கிட்டப் போவாத சாமி! வூட்டுக்குள்ள போ!" என்று கத்திவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

பிரவீன் வீட்டுக்குள் போகவில்லை. ஆனந்த் வந்து சேர்ந்தபோது பட்டறை வாசலிலேயே நின்றான். உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டர் கிடுகிடுவென்று ஆடியது. ஆனந்த் மண்டியிட்டு உட்கார்ந்தார். பந்தயம் கிடக்கட்டும், தம்பி இருந்தால் போதாதா! படிவத்தை எடுத்து ஷட்டருக்கு அடியில் தள்ளினார். "ஐயா, காகிதம் வேணாங்க. நீங்களே வச்சிக்கங்க. எங்க தம்பிய விட்டுடுங்க."

சத்தம் நின்றது.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... உள்ளே சிமெண்டுத் தரையில் சர்ரென்று ஓர் உரசல். படிவம் ஷட்டருக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

போன் வெளிச்சத்தில் பார்த்தார். பந்தயத்தில் அடிபட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு, படிவத்தின் அடியில் ஓர் இடம் விட்டிருந்தது. 'மனைவி, தெரசா' என்று மங்கிப்போன எழுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி. அதே கையெழுத்து, மை காயவில்லை, விரலில் ஒட்டியது.

'மகன், ஆரோக்கிய பிரவீன்.'

தெரசா வீட்டில் ஆனந்த் 'தம்பி' என்று மட்டும்தான் சொன்னார். பெயரைச் சொல்லவே இல்லை.

பிரவீன் அந்தக் காகிதத்தை அண்ணன் கையிலிருந்து பதமாக வாங்கினான். படித்தான். அவன் முகத்தில் பயம் போய்விட்டிருந்தது.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஜன்னலில் டிவி வெளிச்சம். உள்ளேயிருந்து அவர்களுடைய அப்பா மாதவராஜ் குரல் கொடுத்தார், "பிரவீனு... சோறு ஆறுதுடா, வா!"

பிரவீன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"யாருங்கண்ணா அது, என்னையக் கூப்புடறது?"